கையே மொழியாக: ஊமைத்துரையின் வாழ்வு

பெயர் ஒருவரை உலகுக்கு அறிமுகம் செய்வது. ஆயினும் சிலருக்குப் பெயரே திரையாக அமைந்துவிடுவதும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மனின் தம்பியைத் தமிழகம் ஊமைத்துரை என்றே அறியும். குமாரசாமி என்னும் அவர்தம் இயற்பெயரை நினைவில் வைத்திருப்போர் சிலரே. இல்லாத ஒன்றைச் சுட்டி எழுந்த பெயர், இருந்த ஆற்றல்கள் அனைத்தையும் பின்னுக்குத் தள்ளி முன்னே நின்றுவிட்டது. அந்தத் திரையை விலக்கி மனிதரைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறையும் விடுதலையும்

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையில் வந்த கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்டது. கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

ஏறத்தாழ பதினாறு திங்கள் கழிந்தன. 1801 பிப்ரவரி 2 ஆம் நாள் இரவு ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். விறகு விற்போர் போல வேடமிட்டு வந்த வீரர்கள் அவரை மீட்டனர் என்பது மக்கள் வழக்கு. அடுத்து நிகழ்ந்ததே பெருவியப்பு. இடித்த கோட்டை ஒரு வாரத்திற்குள் மீண்டும் எழுந்து நின்றது! துரத்தி வந்த கும்பினியார் மண்மேட்டை எதிர்பார்த்து வந்து மதிலைக் கண்டு மலைத்தனர். மார்ச் 31 ஆம் நாள் அவர்கள் தொடுத்த பெருந்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. கர்னல் அக்னியூ பெரும்படையுடனும் பீரங்கிகளுடனும் வந்த பின்னரே, மே 24 ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது.

துரும்புகள் சொன்ன செய்தி

வாய் திறந்து ஆணையிட இயலாத ஒருவர் ஆயிரக்கணக்கானோரை வழிநடத்தியது எவ்வாறு? இதற்கு விடை தருபவர் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் ஆவார். 1830 இல் வெளிவந்த தம் போர் நினைவுக் குறிப்புகளில் அவர் ஊமைத்துரையைச் செவிப்புலனும் பேச்சும் அற்றவர் என்றே குறிக்கின்றார். மெலிந்த, உயர்ந்த, நோயாளி போன்ற தோற்றமுடைய இளைஞர் அவர் என்கிறார். இந்துக்கள் ஊமை என்றும், முஸ்லிம்கள் மூக்கா என்றும் அவரை அழைத்ததாகவும் எழுதுகின்றார். இரண்டும் ஒரே பொருளன. அவர் திக்கிப் பேசுபவரேயன்றி முற்றும் பேசாதவர் அல்லர் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், போர்க்களத்தில் அவருடைய மொழி கையாகவே இருந்தது.

வெல்ஷ் தரும் காட்சி ஒன்று மறக்கவொண்ணாதது. ஊமைத்துரை சில வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார். அவையே ஆங்கிலப் படை. தாக்க வேண்டிய நேரம் முதலியவற்றைச் சைகையால் உணர்த்துவார். பின்னர் மற்றொரு கையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து, வாயால் ஒரு சீற்றொலி எழுப்புவார். தாக்குதலுக்கு அதுவே குறிப்பு. முதலில் பாய்பவரும் பெரும்பாலும் அவரே.

இப்பெருமதிப்பை மக்களின் மூடநம்பிக்கை என்றே வெல்ஷ் கருதினார். குறைபாட்டைத் தெய்விகமாகக் கொண்டு அவர்கள் வணங்கினர் என்பது அவர் கருத்து. ஆயின் அவர் வரைந்த காட்சியே அவர் கருத்தை மறுக்கிறது. எதிரி யார், எப்போது தாக்குவது, எவ்வாறு தாக்குவது என்பவை அனைத்தும் அந்த உள்ளங்கையில் தெளிவாக இருந்தன. பாஞ்சாலங்குறிச்சி மக்கள் ஒரு குறையை வணங்கியவர்கள் அல்லர். ஒரு மொழியைக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் கற்றுக்கொண்டதனால் அவர்தம் தடை, தடையாக இல்லாமற் போயிற்று.

மற்றொரு வாழ்வு

ஒப்பிட்டுக் காண்பது தெளிவு தரும். அதே 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் சாமுவேல் ஜான்சன் (1709–1784). 1755 இல் வெளிவந்த புகழ்மிக்க ஆங்கில அகராதியை ஆக்கிய பேரறிஞர். குழந்தைப் பருவ நோயால் அவருக்குப் பார்வையும் ஒரு காதின் கேள்வியும் குன்றின. அவரை மிகுதியும் அலைக்கழித்தது வேறொன்று. அவர் விரும்பாமலே முகம் கோணும், தலை அசையும், உடல் முன்னும் பின்னும் ஆடும், வாயிலிருந்து சீழ்க்கையும் முணுமுணுப்பும் எழும். இளமையில் பள்ளியொன்றின் பணிக்கு அவர் முயன்றபோது, முகக்கோணலைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். ஓவியர் ஹோகார்த் ஒரு வீட்டில் அவரை முதன்முதல் கண்டபோது மதிகுன்றியவர் என்றே எண்ணினார். அவர் பேசத் தொடங்கியதும் தெய்வ அருள் பெற்றவரோ என வியந்தார்.

இத்தகைய நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் ஜில் த லா டூரெட் 1885 இல் ஒன்பது பேரை ஆய்ந்து விளக்கினார். இன்று அது டூரெட் நோய்க்குறி எனப்படுகிறது. ஜான்சனுக்கு இருந்தது இதுவே என்பது பிற்கால மருத்துவ அறிஞர் பலரின் துணிபு. இஃது அறிவுக்குறைவு அன்று. தீய பழக்கமும் அன்று. சிறு வயதில் தொடங்கும் இவ்வசைவுகளைச் சிறிது நேரம் அடக்கலாம். அடக்கியவை மீண்டும் எழும். தகாத சொற்கள் தாமே வெளிப்படுவது எல்லோர்க்கும் உரியதன்று, சிலருக்கே நேர்வது.

1773 இல் இதே ஜான்சன் எடின்பரோ நகரில் தாமஸ் பிரெய்ட்வுட் நடத்திய செவிப்புலனற்றோர் பள்ளிக்குச் சென்றார். அங்குள்ள மாணவர் படிப்பதையும் கணக்கிடுவதையும் கண்டு வியந்து, தம் பயண நூலின் இறுதியில் பதிவு செய்தார். தம் உடல் தம் வசப்படாத ஒருவர், ஒலி வசப்படாத பிள்ளைகளின் திறனை மதித்த அந்நாள் எண்ணத்தக்கது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு வாழ்வுக்கும் ஒற்றுமை உண்டு. இருவரையும் உலகம் ஒன்று தாழ்த்தியது, அன்றேல் தெய்வமாக்கியது. இயல்பான மனிதராகக் காணத் தயங்கியது. வேற்றுமையோ ஆழமானது. ஊமைத்துரையின் கையசைவு ஒவ்வொன்றுக்கும் பொருள் இருந்தது. ஜான்சனின் அசைவுகளுக்குப் பொருளே இல்லை. முன்னவரைச் சூழ்ந்தோர் கையைப் படிக்கக் கற்க வேண்டியிருந்தது. பின்னவரைச் சூழ்ந்தோர் அசைவில் பொருள் தேடாதிருக்கக் கற்க வேண்டியிருந்தது. இரு வாழ்வின் சுமையும் பெரும்பகுதி அவர்களைச் சூழ்ந்தோர் கற்பதையும் கல்லாமையையும் பொறுத்தே அமைந்தது.

ஒரு தாயின் சொல்

மே 24 இல் கோட்டை வீழ்ந்தபோது ஊமைத்துரை படுகாயமுற்றுப் பிணங்களிடையே கிடந்தார். மகனைத் தேடி வந்த தாயொருத்தியிடம், உயிர் பிரியும் நிலையிலிருந்த அம்மகன் தன்னை விட்டுத் தன் தலைவரைக் காக்குமாறு வேண்டினான் என வெல்ஷ் பதிவு செய்துள்ளார். அவர் ஓர் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தேடிவந்த எட்டயபுரத்துப் படையினர்க்கு, அம்மையில் இறந்தவன் உடல் என்று கூறிப் பெண்கள் துணியால் மூடி ஒப்பாரி வைத்தனர். வந்தோர் அஞ்சி ஓடினர்.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களுடன் இணைந்து போரிட்டார். மருதிருவர் 1801 அக்டோபர் 24 ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரையும் பிடிபட்டு, நவம்பர் 16 ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

நமக்குரிய பாடம்

அவர் சிறையிருந்த பாளையங்கோட்டையிலேயே, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் முயற்சியால் செவிப்புலனற்றோர் பள்ளி எழுந்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாட்டையும் பேச்சுக் குறைபாட்டையும் பெயர் சொல்லி ஏற்கிறது. டூரெட் நோய்க்குறிக்கு அப்பட்டியலில் பெயர் இல்லை.

ஊத்துக்குளி, திருப்பூர் வட்டாரத்தார்க்குக் கைமொழி புதிதன்று. தறிகள் ஓடும் கொட்டகையில் நன்கு காது கேட்போரும் சைகையாலேயே பேசிக்கொள்கின்றனர். பேரிரைச்சல் எல்லோரையும் ஒரு நிலைக்குக் கொணர்ந்ததும், கையைப் படிக்கும் கல்வி தானே வந்துவிடுகிறது. ஆதலின் செவித்திறன் குன்றிய தொழிலாளியுடன் பேசுவது இயலாதது என்று நாம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கடினமானது மற்றைய கல்வியே. வகுப்பில் ஒரு மாணவன் ஓயாமல் கண் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான். ஆசிரியர் அதைக் குறும்பெனக் கொண்டு தண்டித்தால், அன்று ஜான்சனை மறுத்த பள்ளியின் பிழையே மீண்டும் நிகழ்கிறது. நாளை ஆசிரியப் பணியேற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

1974 இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுப்பியது. அங்குச் செல்வோர் கட்டபொம்மனின் முழக்கத்தை நினைவுகூர்வது இயல்பு. ஓர் உள்ளங்கையில் அடுக்கிய துரும்புகளையும், அவற்றைப் படிக்கத் தெரிந்த மக்களையும் சேர்த்தே நினைவுகூர்தல் நன்று.