லலிதா அம்மையார்

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்குப் பெண்மக்கள் பலர் நாள்தோறும் வேலைக்குப் போவதை நாம் காண்கிறோம். இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்கு அதை அமைக்கும் கல்வியும் எட்டும் என்பதற்கு லலிதா அம்மையாரின் வரலாறு சான்று.

1919-ல் பிறந்த அம்மையாருக்குப் பதினைந்தாம் வயதில் மணம் நடந்தது. பதினெட்டாம் வயதில் கணவரை இழந்தபோது மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை. தகப்பனார் பப்பு சுப்பாராவ் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். ஆண்களே பயின்று வந்த அக்கல்லூரியில் மகளுக்கு இடம் வேண்டி, முதல்வர் சாக்கோவை அணுகி அனுமதி பெற்றார். 1940-ல் சேர்ந்த அம்மையார் 1943-ல் மின்பொறியாளராகத் தேறினார். அவரைத் தொடர்ந்து திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவரும் அங்கே பயின்றனர்.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசுப் பணி, 1948 முதல் கல்கத்தாவில் கம்பெனி உத்தியோகம் என அவர் வாழ்வு உயர்ந்தது. பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்று வந்தார். 1979-ல் மறைந்தார்.

சுப்பாராவ் செய்தது பெரும் காரியமன்று. மகளுக்காக வாய் திறந்து கேட்டார். கடைக்கு முதல் போடத் தயங்காத நாம், மகளின் தொழிற்கல்விக்காகவும் முன்வந்து கேட்போமாக.