பேர் சொல்லி லைட் கேட்டவர்

போன வருஷ நாடகத்துல ஹீரோ யாருன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. லைட் போட்டது யாருன்னு கேட்டா? 1930களின் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் செட் டிசைனரோ எலக்ட்ரீஷியனோதான் லைட்டையும் பார்த்துக்குவாங்க. அதைத் தனித் தொழிலாக மாற்றிய முன்னோடிகளில் ஒருவர் ஜீன் ரோசென்தால்.

1912இல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா, அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள். இவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கேண்ட்லஸிடம் மேடை ஒளி படித்தார். வேலைக்கு வந்தால், மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் அனுபவம் முத்திய ஆண்கள். ஒரு சின்னப் பொண்ணு சொல்றதை அவங்க ஏன் கேட்கணும்? குரலை உயர்த்தி ஜெயிக்க முடியாது என்று ஜீனுக்குத் தெரியும். மரியாதையாகப் பேசினார். ஆனால் எந்த விளக்கு, எந்த இடம், எந்த டிம்மர் என்று துல்லியமாகச் சொன்னார்.

பேர்ல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. ஃப்ரெனெல் விளக்கின் ஒளி ஓரத்தில் மென்மையாகக் கரையும். லீக்கோ விளக்கில் ஷட்டரை வைத்து ஓரத்தைக் கத்தி மாதிரி வெட்டலாம். பேர் மாத்திச் சொன்னா தப்பான விளக்கு மேலே ஏறும். திரும்ப ஏணி போட்டு இறக்கணும்.

ஒவ்வொரு விளக்கின் வகை, இடம், கலர் ஃபில்டர், எதை நோக்கித் திருப்பணும் என்பதை எல்லாம் ஜீன் வரைபடமாகவும் பட்டியலாகவும் எழுதி வைத்தார். அதனால் மார்த்தா கிரஹாமின் நடனக் குழு ஊர் ஊராகப் போனாலும் அதே ஒளியைத் திரும்ப அமைக்க முடிந்தது. ஆனா பேப்பர் மட்டும் போதாது. லென்ஸில் தூசி படிந்தால் ஒளி மங்கும். ஷட்டர் வளைந்தால் ஓரம் கோணலாகும். கருவியைத் துடைச்சு வைக்கிறதும் டிசைன்ல பாதிதான்.

1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்று பிராட்வேயின் பெரிய நாடகங்கள் அவர் ஒளியில் நடந்தன. 1969இல், 57 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புகூட வீல்சேரில் உட்கார்ந்து கிரஹாமின் புது நடனத்துக்கு ஒளி அமைத்தார். அவருடைய புத்தகம் 1972இல் வெளிவந்தது.

அடுத்த தடவை ஆடிட்டோரியத்தில் "அந்த மஞ்ச லைட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புடா"ன்னு கத்துறதுக்கு முன்னாடி, அதோட பேரைக் கத்துக்கோங்க. லைட் போடுற அண்ணன் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.