நத்தானியேல் பாக்சா வார்டு

நத்தானியேல் பாக்சா வார்டு (1791 - ஜூன் 4, 1868) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் தாவர ஆர்வலரும் ஆவார். உயிருள்ள செடிகளைத் தொலைநாடுகளுக்கு அனுப்ப உதவிய வார்டு பெட்டியை உருவாக்கியவர் இவரே.

கிழக்கு இலண்டனில் மருத்துவம் பார்த்த இவர் வளர்த்த பன்னங்கள் நிலக்கரிப் புகையில் பட்டுப்போயின. 1829 இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் மூடி வைத்திருந்தார். பூச்சிக்காக வைத்த மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன! பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதால், நீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தன.

அக்காலத்தில் கப்பலில் அனுப்பப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை உப்புச் சாரலாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் வழியிலேயே மடிந்தன. எனவே 1833 இல் வார்டு, பன்னங்களும் புற்களும் நட்ட இரு கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். அவை நலமாகச் சென்றடைந்தன. 1834 இல் அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளுடன் திரும்பின. கேப் ஹார்ன் அருகே கப்பல் தளத்தில் பனி மூடியது. நிலநடுக்கோட்டில் கடும் வெயில் காய்ந்தது. இலண்டனில், நாற்றுப்பண்ணை நடத்திய நண்பர் ஜார்ஜ் லாடிஜசுடன் வார்டு கப்பலேறிப் பார்த்தபோது, இங்கிலாந்து அதுவரை உயிருடன் கண்டிராத பன்னம் ஒன்று பசுமையாக நின்றது. வழியில் சில விதைகளும் முளைத்திருந்தன.

தமிழ்நாட்டுக்கும் இப்பெட்டிகள் வந்தன. 1860 இல் மார்க்கம் பெருவிலிருந்து கொணர்ந்த சிங்கோனாச் செடிகள் செங்கடல் வெப்பத்தில் நலிந்து, உதகமண்டலத்தில் மடிந்தன. 1861 இல் இராபர்ட் கிராசு எக்குவடோரிலிருந்து கொணர்ந்தவை பிழைத்தன. நீலகிரியின் கொயினாத் தோட்டங்கள் இவ்வாறு தொடங்கின.