சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (1892 – செப்டம்பர் 27, 1972) தமிழகத்தைச் சேர்ந்த கணித ஆசிரியரும் நூலகவியல் அறிஞரும் ஆவார். எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் கோலன் பகுப்பு முறையையும் உருவாக்கியவர். ஒரு பொருளுக்குரிய மதிப்புகளைக் குறியீடுகளாக மாற்றிச் சேமிப்பதும், அக்குறியீட்டைக் கொண்டே பின்னர் பிழையின்றி மீட்பதும் எவ்வாறு என்ற வினாவே இவருடைய ஆய்வுகளின் மையம் எனலாம். கணினித் தரவுத்தளத்தில் வரையறுத்த மதிப்புகளைச் சேமிக்கும் நிரலாளர்கள் இன்று எதிர்கொள்ளும் சிக்கலை, இவர் அட்டைகளும் அலமாரிகளும் மட்டுமே இருந்த காலத்தில் எதிர்கொண்டார்.

இளமையும் கல்வியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழியில் பிறந்தார். இவரது பிறந்த நாள் ஆகஸ்டு 9 எனவும் ஆகஸ்டு 12 எனவும் இருவேறாகப் பதிவாகியுள்ளது. இந்தியாவில் ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தந்தையார் இராமாமிருத ஐயர் அரங்கநாதனின் ஆறாம் அகவையிலேயே காலமானார். சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்தபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கு கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்டு ராஸ் இவர்மீது ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். இவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. அதனை மீறி நல்லாசிரியர் எனப் பெயர் பெற்றார்.

நூலகப் பணி

1924 சனவரியில் அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அப்பணிக்கு அவர் விரும்பிச் சென்றவர் அல்லர். வாசகர் வரவு மிகக் குறைவாக இருந்த அந்நூலகத்தின் தனிமையைத் தாங்க இயலாமல், சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்பிவிட முயன்றார். நூலகவியல் கற்க இங்கிலாந்து சென்று வந்தபின் முடிவு செய்யலாம் என்ற ஏற்பாட்டின்பேரில் 1924இல் இலண்டன் சென்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பெர்விக் சேயர்சிடம் பகுப்பியல் பயின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். ஒவ்வொரு நூலகத்திலும் நூல்கள் வெவ்வேறு முறையில் அடுக்கப்பட்டிருந்தன. எந்த முறையும் அவரது கணித மனத்துக்கு நிறைவளிக்கவில்லை.

பட்டியலிடும் முறையின் குறை

அக்காலத்தில் பெரிதும் பரவியிருந்தது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையாகும். அது அறிவுத் துறைகளைப் பத்து வகுப்புகளாகப் பிரித்து, அவற்றின் உட்பிரிவுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கியது. பட்டியலில் உள்ள பொருளுக்கு எண் கிடைக்கும். இல்லாத பொருளைக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஏதோ ஓர் எண்ணுக்குள் திணிக்க வேண்டும். பட்டியலை வகுத்தவரின் உலகமே அதன் எல்லை. டூயி முறையில் கிறித்தவ சமயத்துக்கு 220 முதல் 289 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டிருக்க, இந்து சமயம் 294க்குள் ஒடுங்கியது. தமிழ் மொழிக்கு 494.811 என்ற நீண்ட எண் கிடைத்தது.

இக்குறையை இன்றைய தரவுத்தளச் சூழலில் எளிதாக விளக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் வட்டங்களை அகரவரிசையில் எண்ணிட்டு ஒரு நிரலர் சேமிக்கிறார் எனக் கொள்வோம். 1 என்பது ஆரணி, 2 என்பது செங்கம், 3 என்பது செய்யாறு. தரவுத்தளத்தில் ஊரின் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். பின்னர் கீழ்பென்னாத்தூர் தனி வட்டமாகிறது. அதனை அகரவரிசைப்படி ஆரணிக்கு அடுத்து நுழைத்தால் அது 2 ஆகிவிடும், செங்கம் 3 ஆகும். முன்னரே 2 எனப் பதிந்த செங்கத்தின் பதிவுகள் யாவும் அன்று முதல் கீழ்பென்னாத்தூர் எனப் படிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதில் உள்ள ஆபத்து. ஜாவா முதலிய நிரல்மொழிகளின் எனம் வகையில் மதிப்பின் பெயரை விடுத்து அதன் வரிசை எண்ணைச் சேமிப்பவர்களுக்கு நேர்வது இதுவே. நூலகத்தில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும்: எண்கள் மாறினால் ஆயிரக்கணக்கான நூல்களின் முதுகுச் சீட்டுகளையும் பட்டியல் அட்டைகளையும் மாற்றி எழுத வேண்டும்.

கோலன் பகுப்பு முறை

இலண்டனில் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் இயங்குவதை அரங்கநாதன் கண்டார். ஒரே தொகுதியைச் சேர்ந்த பட்டைகளையும் திருகுகளையும் வெவ்வேறாகப் பூட்டிப் பல உருவங்கள் செய்யப்பட்டன. முழுமையான உருவங்களைப் பட்டியலிடத் தேவையில்லை, உறுப்புகளைப் பட்டியலிட்டு இணைக்கும் விதியை வகுத்தால் போதும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. 1925இல் நாடு திரும்பும் கப்பலிலேயே முதல் வரைவை எழுதி, கப்பலின் சிறு நூலகத்தில் சோதித்துப் பார்த்தார். உறுப்புகளை இணைக்கும் திருகாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளியை. ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன் என்பதால் முறைக்கும் அப்பெயரே அமைந்தது. நூல் வடிவில் முதற்பதிப்பு 1933இல் வெளிவந்தது.

இம்முறையில் ஒரு பொருள் பல முகங்களாகப் பகுக்கப்படுகிறது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை முகங்களைப் பின்னாளில் அவர் வரையறுத்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சிறு மதிப்புப் பட்டியல் உண்டு. மருத்துவத்துக்கு எல், நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, இந்தியாவுக்கு 44, 1950களுக்கு என்5 எனக் குறியீடுகள் உள்ளன. 1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையைப் பற்றிய நூலுக்கு எந்தப் பட்டியலிலும் ஆயத்த எண் இல்லை. இருப்பினும் இவற்றைக் கோத்து எல்,45;421:6.44'என்5 என எண் அமைக்கலாம். நிறுத்தக்குறி ஒவ்வொன்றும் அடுத்து வருவது எந்த முகத்தின் மதிப்பு என்பதைத் தெரிவிக்கும். தரவுத்தள அட்டவணையில் நிரல்களின் தலைப்புகள் செய்யும் வேலையை இங்கு நிறுத்தக்குறிகள் செய்கின்றன.

இலக்கியத்தில் கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. இவை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொது. மொழி தோறும் தனித்தனியே பட்டியலிட வேண்டியதில்லை.

புதிய மதிப்புகளுக்கு இடம்

முன்னர் சொன்ன வட்டங்களின் சிக்கலுக்கு அரங்கநாதனின் விடை கணிதம் சார்ந்தது. குறியீட்டிலுள்ள எண்களை முழு எண்களாகக் கொள்ளாமல் தசமப் பின்னங்களாகக் கொண்டார். அவ்வாறாயின் 1க்கும் 2க்கும் இடையே 15 அமரும். ஆரணி 1 ஆகவும் செங்கம் 2 ஆகவும் இருக்க, கீழ்பென்னாத்தூர் 15 எனப் பெற்று வரிசையில் தன் இடத்தில் நிற்கும். பழைய பதிவு ஒன்றுகூட மாறாது.

இறுதியில் சேர்ப்பதற்கு வேறோர் உத்தியைக் கையாண்டார். ஒரு வரிசையில் 1 முதல் 8 வரையே மதிப்புகளுக்கு வழங்கி, 9ஐ வெறுமையாக விட்டார். ஒன்பதாவது மதிப்பு வந்தால் அது 91 ஆகும், தொடர்ந்து 98 வரை செல்லும், பின்னர் 991 தொடங்கும். எண்மத் தொடர் எனப்படும் இதனால் வரிசை முடிவின்றி நீளும். இதற்கு விலையும் உண்டு: குறியீடுகள் நீண்டன, நூல் முதுகில் எழுதவும் நினைவில் வைக்கவும் கடினமாயின.

மீட்டல்

குறியீட்டில் சேமித்தால் மட்டும் போதாது. வாசகர் 421 எனக் கேட்டு வருவதில்லை, காசநோய் எனக் கேட்டு வருகிறார். எனவே சொல்லிலிருந்து எண்ணுக்குச் செல்லும் வழி தேவைப்பட்டது. ஒரு நூலின் எண்ணை இறுதியிலிருந்து கண்ணி கண்ணியாகக் கழற்றி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொற்குறிப்பை இயந்திரத்தனமாக ஆக்கும் சங்கிலிச் சொல்லடைவு முறையை அரங்கநாதன் வகுத்தார். நாட்டைக் கொண்டு தேடுபவரும் நோயைக் கொண்டு தேடுபவரும் உறுப்பைக் கொண்டு தேடுபவரும் ஒரே நூலை வந்தடைவர். 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் இம்முறையை ஏற்றுக்கொண்டது. வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது 1931இல் நூலாக வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவதன் கருத்தாகும்.

பதிப்பு மாற்றங்களும் திறனாய்வும்

புதிய மதிப்புகள் பழையவற்றைக் குலைக்காத முறையை வகுத்தவரே தம் குறியீடுகளைப் பலமுறை குலைத்தார் என்பது அவர்மீது வைக்கப்படும் முதன்மையான குறையாகும். முதல் மூன்று பதிப்புகளில் எல்லா முகங்களையும் முக்காற்புள்ளியே இணைத்தது. 1952இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் காற்புள்ளி, அரைப்புள்ளி, புள்ளி ஆகியன தனித்தனிப் பொருளுடன் நுழைந்தன. காலத்துக்குரிய குறி இன்னும் பிந்தி வந்தது. முகங்களின் பட்டியல்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறின. கோட்பாட்டளவில் இம்மாற்றங்கள் நியாயமானவை, முறை அவற்றால் தெளிவடைந்தது. ஆனால் பழைய பதிப்பின்படி நூல்களுக்கு எண்ணிட்ட நூலகங்கள் அனைத்தையும் மீண்டும் எண்ணிடுவதா, இரு முறைகளை அருகருகே வைத்துக்கொள்வதா என்று திண்டாடின. இந்தியாவிலேயே பல நூலகங்கள் டூயி முறையில் நிலைத்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொது நூலக இயக்கம்

1928இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டதில் அரங்கநாதனுக்கு முதன்மைப் பங்குண்டு. அவ்வாண்டிலேயே அவருடைய முதல் மனைவி ருக்மிணி விபத்தில் இறந்தார். மறு ஆண்டு சாரதாவை மணந்தார். 1931இல் மன்னார்குடி அருகே மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. சங்கத்தின் நெடுநாள் முயற்சியின் பயனாக, கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் காலத்தில் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவாகும். சொத்து வரியின்மீது நூலக வரி விதித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்க இது வழிசெய்தது. அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் போன்ற பகுதிகளும் இச்சட்டத்தின் வரம்பில் வந்தன. நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொன்னதே இதன் சிறப்பு.

பிற்காலம்

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னையில் பணியாற்றிய பின் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 1955 முதல் ஈராண்டுகள் சூரிக் நகரில் வாழ்ந்தார். 1957இல் பத்மசிறீ விருது பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தம் மனைவி பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் இந்திய அரசு இவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது.

அரங்கநாதன் 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1987இல் வெளிவந்தது. அதிலும் குறியீடுகள் மாறியிருந்ததால், இம்முறையைப் பின்பற்றிய நூலகங்கள் பல 1960இன் ஆறாம் பதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தின. முகங்களாகப் பகுக்கும் கோட்பாடோ நூலகத்துக்கு வெளியே பரவியது. இணையக் கடைகளில் நிறம், விலை, அளவு எனத் தனித்தனியே தெரிவு செய்து பொருள்களை வடிகட்டும் தேடல் முறை அக்கோட்பாட்டின் வழிவந்ததாகும்.