சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த அண்ணன்கள் சிலரைப் பார்த்திருப்பீர்கள், குழந்தைகளே! காலையில் ரயிலைப் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவார்கள். மதர்போர்டு ஒரு கடை, பிராசசர் ஒரு கடை, ராம், ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் என்று கடை கடையாக விலை பேசுவார்கள். இரவு வீடு வந்ததும் தரையில் எல்லாவற்றையும் பரப்பி, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து அசெம்பிள் செய்வார்கள். சுவிட்சைப் போட்டதும் 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் வீடே குதூகலிக்கும். வராவிட்டால்? ராமைக் கழற்றி அழுத்தமாக மாட்டு, அந்த ஒயரைப் பார், இந்த ஒயரைப் பார் என்று ராத்தூக்கம் போய்விடும்!

ஆனாலும் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. ராமைத் திருப்பி மாட்டவே முடியாதபடி அதில் ஒரு வெட்டு இருக்கும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது.

கடை இல்லை, உறுப்பு இல்லை, கேட்க ஆளும் இல்லை என்றால் என்ன செய்வது? அப்படிப்பட்ட காலத்தில் இந்தியாவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வடிவமைத்துக் கட்டிய குழுவை வழிநடத்தியவர், சென்னையில் பிறந்த ஒரு தமிழர். அவர் பெயர் ரங்கசாமி நரசிம்மன்.

நரசிம்மன் பிறந்தது 1926-ல். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் மேற்படிப்பு முடித்தார். அத்தோடு விட்டாரா? இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஒயரும் தெரியும், கணக்கும் தெரியும். கம்ப்யூட்டர் கட்டுகிறவருக்கு இந்த இரண்டும் வேண்டும்.

அந்தச் சமயத்தில் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தி வந்தவர் விஞ்ஞானி ஹோமி பாபா. அணுவைப் பற்றி ஆராயும் விஞ்ஞானிகளுக்கு மலை மலையாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. 1954-ல் நாடு திரும்பிய நரசிம்மன் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. விலைக்கு வாங்குவதா, நாமே செய்வதா? 1955-ல் கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தது. நம் நாட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அதுதான். மும்பைக்காரர்களோ, நாமே செய்து பார்த்துவிடுவோம் என்று துணிந்தார்கள்!

துணிச்சல் என்று சும்மா சொல்லவில்லை. குழுவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள். எல்லாரும் இளைஞர்கள். அவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் கம்ப்யூட்டர் கட்டியதில்லை. கையில் இருந்தவை அச்சடித்த அறிக்கைகள்தான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை தன் குழுவோடு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார். அதன் அமைப்பை ஒளித்து வைக்காமல் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார். அதைப் படித்துப் பல நாடுகளில் கம்ப்யூட்டர் கட்டினார்கள். நம்மவர்களும் அந்த வழியில்தான் இறங்கினார்கள்.

எடுத்த எடுப்பில் பெரிய இயந்திரத்தில் கைவைக்கவில்லை. முதலில் ஒரு சின்ன மாதிரி இயந்திரம். 1955-ல் தொடங்கி 1956 முடிவதற்குள் அது ஓடிவிட்டது. அதில் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டுதான் பெரியதைத் தொடங்கினார்கள்.

பெரிய இயந்திரத்தின் கணக்கைக் கேளுங்கள். 2,700 வால்வுகள். 1,700 ஜெர்மேனியம் டயோடுகள். 12,500 ரெசிஸ்டர்கள். ஒரு ரெசிஸ்டருக்கு இரண்டு முனை. அப்படியானால் ரெசிஸ்டர்களுக்கு மட்டுமே 25,000 இடங்களில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்! அதில் ஒன்று சரியாக ஒட்டாவிட்டாலும் விடை தப்பாகும், அல்லது இயந்திரம் நின்றுபோகும். எங்கே பிழை என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுகிற கதைதான்.

வால்வு என்றால் தெரியுமா? தாத்தா காலத்து மரப்பெட்டி ரேடியோவுக்குள் பல்பு மாதிரி மின்னும் கண்ணாடிக் குழாய்கள்தான் அவை. சுவிட்சைப் போட்டால் அவை சூடேறிய பிறகுதான் பாட்டு வரும். ஒரு ரேடியோவில் ஐந்தாறு வால்வு இருக்கும். இங்கே 2,700 என்றால், ஐந்நூறு ரேடியோக்களை ஒரே அறையில் ஒன்றாகப் போட்டது மாதிரி சூடு! டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தாகிவிட்டது என்றாலும் இந்தியாவில் அது சுலபமாகக் கிடைக்காத காலம் அது.

இவ்வளவையும் அடக்கிய இரும்புச் சட்டம் 18 அடி நீளம், 8 அடி உயரம், இரண்டரை அடி அகலம். மளிகைக் கடையில் சுவர் முழுக்க அடைத்து நிற்கும் அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்க இரண்டு பக்கமும் கதவுகள் வைத்திருந்தார்கள்.

நினைவகம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சின்னச் சின்ன காந்த வளையங்களைப் பாசிமணி மாதிரி ஒயரில் கோத்திருப்பார்கள். வளையத்தின் காந்தம் ஒரு பக்கம் சுற்றினால் 1, மறுபக்கம் சுற்றினால் 0. ஆயிரக்கணக்கான வளையங்களில் ஒன்றை மட்டும் எப்படித் தொடுவது? நெடுக்காக ஒரு ஒயர், குறுக்காக ஒரு ஒயர். இரண்டிலும் பாதி பாதி மின்சாரம் அனுப்புவார்கள். பாதி மின்சாரத்துக்கு எந்த வளையமும் அசையாது. இரண்டு ஒயரும் சந்திக்கும் இடத்தில் இருப்பது மட்டும் திரும்பும். விழுப்புரம் சந்திப்பில் தடங்கள் கூடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒவ்வொரு வளையமும் ஒரு குட்டி ஜங்ஷன்! இன்னொரு வேடிக்கை, வளையத்தில் இருப்பதைப் படித்தால் அது அழிந்துவிடும். ஆகவே படித்த கையோடு திரும்ப எழுதி வைக்க வேண்டும்.

இப்படி 81,920 வளையங்கள். நம் கணக்கில் வெறும் 10 கேபி! இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவை வைக்க இப்படிப்பட்ட இயந்திரம் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் இந்த வகை நினைவகம் உலகத்துக்கே புதுசு.

1960-ல் இயந்திரம் வேலைக்கு வந்தது. 1962 ஜனவரியில் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளோடு, தானியங்கிக் கணக்கிடும் கருவி என்பதையும் சேர்த்து வந்த பெயர் அது. கட்டளைகளை 0, 1 என்றே எழுதி, காகித நாடாவில் ஓட்டை போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். படம் காட்ட ஒரு திரைக்குழாயும் அதில் இருந்தது. பல்கலைக்கழகங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணக்குகளோடு தேடி வந்தன.

ஒரு வருத்தமும் உண்டு. கட்டி முடிப்பதற்குள் உலகம் முன்னால் ஓடிவிட்டது. வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. 1964-ல் இந்த நிறுவனமே அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற பெரிய இயந்திரத்தை வாங்கியது. டிஃப்ராக்குக்கு ஓய்வு! அப்படியானால் பாடுபட்டதெல்லாம் வீணா? சிலர் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது இயந்திரம் வந்து இறங்கியபோது, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கைப்பட அறிந்தவர்கள் இங்கே இருந்தார்களே!

நரசிம்மன் இதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 1961-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கம்ப்யூட்டர் ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுமா என்று ஆராய்ந்தார். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அவர் கண்ட வழி. இந்தத் துறையில் உலகின் முன்னோடிகளில் ஒருவராக அவரை மதிக்கிறார்கள். 1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1975-ல் மென்பொருளுக்கென்று ஒரு தேசிய மையம் அவர் பொறுப்பில் உருவானது. 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-ல் மறைந்தார்.

பிற்காலத்தில் அவர் மனதை இழுத்தது எது தெரியுமா? மழலைப் பேச்சு! ஒரு குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள, தமிழ் பேசும் ஒரு வீட்டில் வளர்ந்த குழந்தையின் பேச்சை இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து மாதக்கணக்கில் பதிவு செய்தார். உலக மொழிகளின் மழலைப் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கும் சைல்ட்ஸ் என்ற தொகுப்பில், அந்தத் தமிழ்க் குழந்தையின் பேச்சும் இருக்கிறது.