திருச்சுழிக்காரரும் கீறல் விழுந்த முட்டையும்

ரமண மகரிஷி என்றால் நமக்கெல்லாம் ஒரு சாமியார்தான் ஞாபகம் வரும். நான் எழுதவந்தது சாமி விஷயம் இல்லை. மனுசன் கெடுத்த செடிகொடி, ஜீவராசிகளைத் திரும்ப மீட்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதில்.

1879 டிசம்பர் 30-ல் நம்ம திருச்சுழியில் பிறந்தவர். இயற்பெயர் வேங்கடராமன். 1892-ல் தகப்பனார் காலமானதும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896 செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அங்கேயே இருந்துவிட்டார். 1922 வரை பெரும்பாலும் மலைமேல்தான் வாசம்.

ஒருநாள் மலையில் நடக்கையில் புதரிலிருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலையே மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்த கால் தண்டனையை வாங்கட்டும் என்று நின்றார். தெரியாமல் செய்த சேதத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் கணக்கு.

இன்னொரு நாள் துண்டை எடுக்கும்போது குருவிக்கூடு அசைந்து, ஒரு முட்டை விழுந்து கீறல் விட்டது. பதறிப்போனார். ஈரத்துணியில் சுற்றிக் கூட்டிலேயே வைத்து, தினமும் எடுத்துப் பார்த்தாராம். கீறல் கூடிக் குஞ்சும் பொரித்தது என்று ஆசிரமத்தார் சொல்வார்கள்.

அவர் வாழ்ந்த மலைக்கும் பிறகு அதே கதைதான். விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைத் தீ எல்லாம் சேர்ந்து மலை மொட்டையானது. 1980-களின் கடைசியிலிருந்து பலர் கூடி நாற்று நட்டார்கள், தீ பரவாமல் தடுத்தார்கள், வருசக்கணக்கில் காத்தார்கள். இன்று சரிவுகளில் மரம் நிற்கிறது.

ஆனால் கரு வெளியே ஓடிவிட்டால் துணி சுற்றிப் பயனில்லை. இந்தியச் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022-ல் குனோ காட்டில் விட்டது ஆப்பிரிக்கச் சிவிங்கிகளை. நம்ம நாட்டில் ஓடிய அந்த இனம் இங்கே திரும்பவில்லை. ஆகவே என் பதில் இதுதான்: உயிர் மிச்சமிருக்கும்வரை முடியும், அதற்கப்புறம் முடியாது.

நம்ம ஊர்க் கண்மாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன? விறகுக்கும் வேலிக்கும் பரப்பிய சீமைக்கருவேல் உள்வாயை அடைத்து நிற்கிறது. மேலாக வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. ஒரேயடியாக அழிக்காமல், கண்மாய் கண்மாயாகப் பிடுங்கி, கரையில் வேம்பும் பனையும் வைத்துக்கொண்டே போகலாம்.

லெவல் எடுக்க சிவில்காரர்கள், பொக்லைனைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக்கல்காரர்கள் இருக்கிறோம். நட்ட கன்றைத் தினமும் போய்ப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு டிப்ளமோ தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்!