கரும்பு காட்டும் கலப்பு மணம்

அரவைக் காலத்தில் கச்சிராயபாளையம் சாலையில் நின்று பார்த்த தோழர்களுக்குத் தெரியும். கல்வராயன் மலை அடிவாரத்துக் கரும்பை ஏற்றிக்கொண்டு டிராக்டர்களும் லாரிகளும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாக ஊர்ந்து செல்லும். மூங்கில்துறைப்பட்டு ஆலைச் சாலையிலும் அதே காட்சிதான். உழவர் கடன்பட்டு நடுகிறார். தொழிலாளி கை காய்த்துப்போக வெட்டுகிறார். ஆலைத் தோழர் கொதிகலன் முன் நின்று வேகிறார். இத்தனை பேரின் வியர்வையைக் குடித்து வளரும் இந்தக் கரும்பு யார் தந்தது? கடவுள் தந்தாரா? தானே முளைத்ததா?

இரண்டும் இல்லை. மனிதரின் அறிவு தந்தது. விதைக் கரணை வாங்கும்போது ‘கோ 86032’ என்கிறோமே, அந்தக் ‘கோ’ கோயமுத்தூரைக் குறிப்பது. அங்கே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அந்த நிலையத்தில் உழைத்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தவர். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாக இருந்தவர். வீட்டில் படிப்பு இருந்தது, நூலகம் இருந்தது, தோட்டம் இருந்தது. ஆனால் சமூகம் அவர்களுக்கு இட்ட பெயர் தீயர். தள்ளி நில் என்று சொல்லப்பட்ட கூட்டம். எவ்வளவு படித்தாலும் பதவி வகித்தாலும் பிறப்பைச் சொல்லித் தாழ்த்தும் கொடுமைதான் இந்த நாட்டின் பழைய நீதி!

சகோதரிகள் மணம் முடித்துச் சென்றார்கள். ஜானகி அம்மையாரோ படிப்பைத் தேர்ந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். பிறகு கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம் சென்று முதுநிலைப் பட்டமும் 1931-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். நம் நாட்டுப் பெண்கள் பள்ளி வாசலை மிதிக்கவே அஞ்சிய காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1934-ல் கோயமுத்தூர் வந்தார். அவர் வருமுன்பே அந்த நிலையம் ஒரு பெரிய வெற்றியைக் கண்டிருந்தது. ‘வெள்ளை’ என்றொரு பருத்த கரும்பு. சாறு நிறைந்தது, இனிப்பு மிகுந்தது. இவ்வகைக் கரும்புக்கு மேல்நாட்டு அறிஞர்கள் இட்ட பெயரே மேன்மைக் கரும்பு என்பதுதான். ஆனால் அந்த மேன்மை வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. நோய்க்கும் எளிதில் இரையாயிற்று. ஆற்றோரத்தில் யாரும் சீந்தாமல் நிற்பது நாணல். இனிப்பு இல்லை, பருமன் இல்லை. ஆனால் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் வளையும், ஒடியாது. பார்பர் என்ற அறிஞரும் வெங்கட்ராமன் என்ற அறிஞரும் வெள்ளையையும் நாணலையும் மணம் செய்வித்தார்கள். பிறந்தது கோ 205. 1918-ல் அது பஞ்சாப் வயல்களுக்குப் போயிற்று. அதன் வழியைப் பின்பற்றி மேலும் மேலும் புது வகைகள் வந்தன. நம் ஊர்க் கரும்புவரை அந்தப் பரம்பரை நீள்கிறது.

கரும்பை இனிக்கச் செய்தவரே ஜானகி அம்மாள்தான் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். நம் பக்கத்து ஆளைப் புகழ்வதற்காக மற்றவர் உழைப்பை மறைப்பது நமக்கு அழகல்ல. கோ 205 பிறந்தபோது அம்மையார் மாணவி. அவர் செய்தது வேறு பணி; அதற்கும் குறையாத பணி. கலப்பு ஏன் வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதை உயிரணுவுக்குள் புகுந்து பார்த்தார். பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குச் சுமந்து செல்லும் நுண்ணிய இழைகளே குரோமோசோம்கள். அவற்றை நுண்ணோக்கியில் எண்ணினார். மேன்மைக் கரும்பில் அவை 80. நாணலிலோ வகைக்கு வகை வேறுபட்டு 40 முதல் 128 வரை. கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் சேர்த்துப் பார்த்தார். அந்த அறிவு இல்லாமல் புது வகை தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போன்றது.

அந்த நிலையத்தில் அவர் நிலைக்க முடியவில்லை. தனித்து வாழும் பெண், அதிலும் தாழ்த்தப்பட்ட பிறப்பு. இவை இரண்டும் அங்கே அவருக்கு இடையூறாயின என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியிருக்கிறார்கள். நாணலின் துணையால் பெயர் பெற்ற இடத்தில், மனிதரில் மட்டும் மேன்மை தேடினார்கள்! ஐந்தாண்டுக்குப் பின் வெளியேறி இலண்டன் சென்றார். போர்க் காலம், குண்டு மழை. அதற்கிடையிலும் ஆய்வை விடவில்லை. டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-ல் வெளியிட்டார்.

பிரதமர் நேரு அழைக்க 1951-ல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைத் திருத்தியமைக்கும் பணி அவரிடம் தரப்பட்டது. 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. எண்பதை எட்டிய வயதிலும், அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்கட்டு விழுங்கக் கூடாது என்று குரல் கொடுத்தார். கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வுக்கூடமே வீடாக வாழ்ந்து, 1984 பிப்ரவரி 7-ல், ஆய்வுப் பணியில் இருக்கும்போதே மறைந்தார்.

இந்த வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது என்ன? இன்று நம் வயலில் நிற்கும் கரும்பின் குரோமோசோம்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நாணல் வழி வந்தவை. அந்தப் பங்கை எடுத்துவிட்டால் மேன்மைக் கரும்பின் மேன்மை வயலிலேயே அழுகும். கரும்பும் நாணலும் வெவ்வேறு இனம். அவையே சேர்ந்து வாழ்கின்றன. மனிதரோ எங்கும் ஒரே இனம். கரும்புக்கும் நாணலுக்கும் உள்ளது போன்ற வேற்றுமை நம்மிடையே இல்லை. அப்படியிருக்க, ஊர் வேறு, சேரி வேறு என்கிறான்; பிள்ளைகள் மனம் ஒப்பி மணம் செய்துகொண்டால் குலம் கெட்டது என்று அரிவாள் தூக்குகிறான். கௌரவம் என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறான்!

அவனிடம் வாதாட நமக்குப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. அவன் வயலுக்கே கையைப் பிடித்து அழைத்துப் போவோம். அவனுக்குச் சோறு போடும் கரும்பைக் காட்டுவோம். கலப்பால் பிறந்த பயிரை ஆலைக்கு அனுப்பிக் காசு எண்ணிக்கொண்டே, கலப்பால் பிறக்கும் குழந்தையை வெறுக்கும் அறிவீனத்தை எடுத்துக் காட்டுவோம். கட்சிக் கொடி பிடிக்கும் தோழர் ஒவ்வொருவரும் முதலில் தம் வீட்டில், பிறகு தம் தெருவில் இதைச் சொல்ல வேண்டும். ஜானகி அம்மையாருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுதான்.